வளக்குழு



நூலகம் என்றால் திருச்சியில் என் வயதினர் புத்தக அலமாரிகளையே நினைப்பார்கள். கணினி நிரல் எழுதுவோர் கூறும் நூலகம் வேறு. பலருக்கும் வேண்டிய கட்டளைகளை யாரோ முன்னரே எழுதித் தொகுத்து வைத்திருப்பார்கள். நாம் அவற்றை நம் நிரலுக்குள் வரவழைத்துப் பெயர் சொல்லி ஏவினால் போதும். அத்தகைய நூலகம் ஒன்றைக் கொண்டு மேகக் கணினியில் ‘வளக்குழு’ ஒன்றைப் படைப்பது எங்ஙனம் என்பதையும், அதனை அழிக்கப் புகுந்து நான் இழக்கவிருந்த பொருளையும் பற்றி இன்று சொல்லக் கருதுகிறேன்.

முதலில், இந்த மேகம் வானத்தில் இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ‘அஸூர்’ என்னும் மேகப் பணிக்காக 2015ஆம் ஆண்டில் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று நகரங்களில் கணினிக் கூடங்களைத் திறந்தது. சென்னைக் கூடத்திற்குத் ‘தென்னிந்தியா’ என்று பெயர். திருவரங்கத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நான் கேட்கும் சேமிப்பிடம் அங்குள்ள பொறிகளில் எனக்கென ஒதுக்கப்படுகிறது. சேமிப்புக் கணக்கு, தரவுத்தளம், வாடகைக் கணினி, இவற்றை இணைக்கும் வலை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு ‘வளம்’. இத்தகைய வளம் எதனைப் பெறுவதற்கும் அங்கே முதலில் ஒரு குழு இருந்தாக வேண்டும். குழுவிற்கெனத் தனிக் கட்டணம் கிடையாது. உள்ளே வைக்கும் பொருள்களுக்கே கட்டணம்.

குழு என்பதை ஒரு வகுப்பின் வருகைப் பதிவேடு எனக் கொள்ளலாம். ஒரு மாணவன் பெயர் இரண்டு வகுப்புப் பதிவேடுகளில் இராது. அதுபோல ஒரு வளம் ஒரே குழுவில்தான் இருக்கும். பதிவேடு திருவரங்கத்துப் பள்ளியில் இருந்தாலும் பிள்ளைகள் திருவானைக்காவிலும் உறையூரிலும் வசிக்கலாம் அல்லவா? குழுவின் இடம் சென்னை என்று குறித்தாலும், அதிலுள்ள வளங்கள் புனேயில் இருக்கத் தடையில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், “திருவரங்கத்தின் ஏழு பிராகாரங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகக் குழுக்களை அமைக்கலாமே!” என்றார். அழகிய உவமைதான், ஆனால் பொருந்தாது. ஒரு குழுவிற்குள் மற்றொரு குழுவை வைக்க இயலாது. வைத்த பெயரைப் பின்னர் மாற்றவும் இயலாது.

இனி, படைக்கும் முறை. பைதான் மொழியில் எழுதுவோர்க்கென மைக்ரோசாப்டே ஒரு நூலகம் அளித்திருக்கிறது. நாம் யார் என்பதை மெய்ப்பிக்கும் சான்றைக் கொடுத்தால், நம் பொருட்டு மேகத்தோடு பேசும் முகவர் ஒருவர் அதில் கிடைப்பார். அவரிடம் ‘கிரியேட் ஆர் அப்டேட்’ என்னும் கட்டளையைக் குழுவின் பெயரும் இடமும் சேர்த்து இட்டால், நொடிப்பொழுதில் குழு தோன்றிவிடும். இந்தக் கட்டளையின் பெயரைக் கூர்ந்து நோக்குங்கள். “இல்லையேல் படை, இருப்பின் புதுப்பி” என்பது அதன் பொருள். ஆதலின் அதே வரியைப் பத்து முறை இயக்கினாலும் பத்துக் குழுக்கள் தோன்றமாட்டா. முன்பே உள்ள பெயருக்கு வேறு இடம் குறித்தாலோ, மேகம் மறுத்துவிடும்.

நீக்கும் கட்டளையின் பெயர் ‘பிகின் டிலீட்’. நீக்கு என்று சொல்லாமல், நீக்கத் தொடங்கு என்கிறது. உள்ளே உள்ள அனைத்தையும் அழித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை நூலகம் நம் கையில் ஒரு சீட்டைத் தந்து, “வேலை முடிந்ததா என்று இதைக் காட்டிக் கேட்டுக்கொள்” என்கிறது.

நான் நிரல் பயிலத் தொடங்கிய நாளில் ‘பயிற்சி’ என ஒரு குழு அமைத்தேன். அதில் ஒரு வாடகைக் கணினி, ஒரு தரவுத்தளம், ஒரு சேமிப்புக் கணக்கு. பள்ளியில் என் மாணவர்கள் பல ஆண்டுகள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் பக்கங்களைப் படம் பிடித்து அந்தச் சேமிப்பில்தான் வைத்திருந்தேன். மூலத்தாள்கள் செல்லரித்துப் போய்விட்டன. வாடகைக் கணினியின் கட்டணம் ஏறிக்கொண்டே போகவே, ஒரு மாலை ‘பயிற்சி’ குழுவை நீக்க ஒரு வரி எழுதி இயக்கினேன். இணையப் பக்கத்தின் வழியே நீக்கினால், குழுவின் பெயரை நம் கையாலேயே தட்டச்சு செய்யச் சொல்லும். அந்தச் சில எழுத்துகளுக்குள் நினைவு வந்திருக்கும். நூலகம் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகை நினைவு வந்ததும் பதறி நிரலை நிறுத்தினேன். நிரல் நின்றது, சென்னையில் நீக்கம் நிற்கவில்லை.

மறுநாள் காலை, சென்னையில் மென்பொருள் துறையிலிருக்கும் என் பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“எத்தனை நாளாயிற்று, ஐயா?”

“நேற்று மாலைதான் அப்பா.”

“பதினான்கு நாளுக்குள் என்றால் சேமிப்புக் கணக்கை மீட்க வழி உண்டு. ஆனால் அது திரும்பி வருவதற்கு வீடு வேண்டுமே! முதலில் அதே பெயரில் குழுவைப் படையுங்கள், ஐயா.”

நான் முதல் நாள் எழுதிய அதே வரியை மீண்டும் இயக்கினேன். வெறுங்குழு ஒன்று ‘பயிற்சி’ என்ற பெயருடன் தோன்றிற்று. பின்பு இணையப் பக்கத்தில், நீக்கப்பட்ட கணக்குகளின் பட்டியலிலிருந்து என் கணக்கை மீட்டேன். பக்கங்கள் அனைத்தும் இருந்தன. இதனை உறுதியான காப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சேமிப்புக் கணக்கின் பெயர் உலகம் முழுவதற்கும் ஒன்றே. இடையில் வேறு எவரேனும் அப்பெயரை எடுத்துக்கொண்டிருந்தால் என் பிள்ளைகளின் எழுத்து போயிருக்கும். தரவுத்தளம் போனது போனதுதான். அதில் இருந்தவை என் தவறான பயிற்சிக் கணக்குகள். அவற்றிற்காக நான் வருந்தவில்லை.

அஸூரில் குழுவிற்குப் பூட்டு ஒன்றும் உண்டு. நீக்கத்தைத் தடுக்கும் அந்தப் பூட்டு இருக்கும்வரை, நூலகத்தின் வழியே வரும் கட்டளையும் மறுக்கப்படும். பத்திரிகைப் பக்கங்கள் இப்போது ‘பத்திரிகை’ என்னும் தனிக்குழுவில் அந்தப் பூட்டுடன் இருக்கின்றன. மற்றொரு படி என் மேசை இழுப்பறையில் உள்ள வட்டில். ‘பயிற்சி’ குழுவை வாரந்தோறும் படைத்து வாரந்தோறும் அழித்துவருகிறேன்.