மேற்கோள் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறி ஏன்?

லேடெக் என்ற ஆவணத் தயாரிப்பு மென்பொருளில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் முதன்முறை கோப்பை ஓட்டியதும் திடுக்கிடுவார்கள்: மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் தடித்த கேள்விக்குறி! பயப்பட வேண்டாம். லேடெக் கோப்பை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படிக்கிறது, நூற்பட்டியலோ கடைசியில். அதனால் முதல் ஓட்டத்தில், எந்தெந்த நூல் கேட்கப்பட்டது என்று ஒரு துணைக்கோப்பில் குறித்துவைக்கும். அதைப் பார்த்து பிப்டெக் என்ற துணைநிரல் பட்டியலைத் தயாரிக்கும். இரண்டாம் ஓட்டத்தில் பட்டியல் பக்கத்தில் ஏறும், எண்கள் துணைக்கோப்பில் பதியும். மூன்றாவதில்தான் அவை உரைக்குள் வந்து உட்காரும்.

ஆய்வேட்டில் நிரல் துணுக்கைச் சேர்த்தால் வேறு சிக்கல். சதவீதக் குறியைக் கண்டால் லேடெக் அந்த வரியின் மிச்சத்தை விழுங்கிவிடும். ‘வெர்பாட்டிம்’ சூழலுக்குள் இட்டால் அக்குறி வெறும் எழுத்தாகிவிடும், இடைவெளிகளும் கலையாது.

மேற்கோளுக்குத் திரும்புவோம். மூன்று முறை ஓட்டியும் கேள்விக்குறி போகவில்லையா? நூலுக்கு நீங்கள் வைத்த அடையாளச் சொல்லில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.