வணிகக் கட்டிடங்களின் தளப்பரப்பு

நீளத்தை அகலத்தாற் பெருக்கப் பரப்பு வரும் என்பது சிறு வகுப்பிலேயே நாம் கற்றதொன்று. ஆயினும், ஒரு கடையையோ அலுவலகத்தையோ விலைக்கோ வாடகைக்கோ கொள்ளப் புகுவார், ஒரே கட்டிடத்திற்கு மூவர் மூன்று பரப்புக் கூறக் கேட்டு மயங்குவதுண்டு. அம்மூவரும் பொய் கூறினாரல்லர். அளந்த நாடாவும் பிழைபட்டதன்று. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, எதனைச் சேர்த்து எதனை விலக்குவது என்பதிலேயே அவர் வேறுபட்டனர். இலக்கணம் பயில்வார் ஒரு சொல்லின் எல்லையை வரையறுத்துக்கொண்ட பின்னரே அதன் பொருளைப்பற்றி வாதிப்பர். தளப்பரப்பும் அத்தகையதே. வரையறை முந்தியது; அளவுகோல் பிந்தியது.

இங்கிலாந்து தேசத்தில் 1868-ஆம் ஆண்டில் தோன்றிய ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆப் சார்ட்டர்டு சர்வேயர்ஸ் என்னும் சங்கத்தார் வகுத்த முறையில் மூவகைப் பரப்புகள் உள. வெளிச்சுவரின் புறமுகம் வரையில் அளப்பது ஒன்று. இதனைப் புறப்பரப்பு எனலாம். வெளிச்சுவரின் உள்முகம் வரையில் அளப்பது மற்றொன்று, இஃது அகப்பரப்பு. அவ்வகப்பரப்பினின்று பொதுப் படிக்கட்டு, லிப்ட், கழிப்பறை, பொது நடைவழி, இயந்திர அறை, தூண் ஆகியவற்றை நீக்கி எஞ்சுவது மூன்றாவது; இதனைப் பயன்பரப்பு என்போம். கூரை சரிந்து 1.5 மீட்டருக்குக் குறைந்த உயரமுடைய இடமும் பயன்பரப்பிற் சேராது. ஆங்கு மனிதன் நிமிர்ந்து நின்று தொழில் செய்தல் இயலாதன்றோ? நகரமைப்புக்குப் புறப்பரப்பும், கட்டுமானச் செலவைக் கணிப்பதற்கும் கிடங்கு, தொழிற்சாலை ஆகியவற்றை மதிப்பிடுவதற்கும் அகப்பரப்பும், அலுவலகம், கடை ஆகியவற்றின் வாடகைக்குப் பயன்பரப்பும் வழங்கி வந்தன.

ஓர் உதாரணத்தால் இதனைத் தெளிவோம். புறத்தே 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய அலுவலகத் தளம் ஒன்றைக் கொள்வோம். அதன் புறப்பரப்பு 200 சதுர மீட்டர். வெளிச்சுவரின் கனம் 30 சென்டிமீட்டர் எனின், உள்நீளம் 19.4 மீட்டரும் உள்ளகலம் 9.4 மீட்டரும் ஆகும், அகப்பரப்பு 182.36 சதுர மீட்டர். படிக்கட்டும் லிப்டும் தம் சுவர்களோடு 20 சதுர மீட்டரையும், கழிப்பறைகள் 12 சதுர மீட்டரையும், 40 சென்டிமீட்டர்ச் சதுரமான நான்கு தூண்கள் 0.64 சதுர மீட்டரையும் கொள்ளுமாயின், பயன்பரப்பு 149.72 சதுர மீட்டரே. இருநூறு எனத் தொடங்கியது நூற்றைம்பதிலும் சிறிது குறைந்து நின்றது. நாற்கூற்றில் ஒரு கூறு மறைந்தது கண்கூடு.

இம்மறைவு வெறுங் கணக்கன்று. சதுர மீட்டர் ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய் வாடகை என வைத்துக்கொள்வோம். அகப்பரப்பின்படி வாங்குவதற்கும் பயன்பரப்பின்படி வாங்குவதற்கும் இடையே மாதந்தோறும் 16,320 ரூபாய் வேறுபாடு உண்டாம். பெருநிறுவனத்தார் இதனைக் கண்டறிய வல்லுநரை அமர்த்துவர். புதிதாய்த் தொழில் தொடங்கும் சிறு வணிகருக்கோ, ஓராண்டின் ஊதியமே இவ்வேறுபாட்டிற் கரைந்துபோதல் கூடும்.

கடைகளைப் பொறுத்தவரையில் இன்னுமொரு நுட்பம் உண்டு. தெருவை நோக்கிய முன்புறமே வாணிபத்திற்குச் சிறந்தது. உட்செல்லச் செல்ல இடத்தின் மதிப்புக் குறையும். ஆதலின், இங்கிலாந்தில் கடையை முன்னிருந்து 6.1 மீட்டர், அதாவது 20 அடி ஆழமுள்ள பகுதிகளாகப் பிரிக்கும் வழக்கம் பரவியுள்ளது. முதற்பகுதிக்கு முழு மதிப்பும், இரண்டாவதற்கு அரையும், மூன்றாவதற்குக் காலும் கொள்வர். 6.1 மீட்டர் அகலமும் 18.3 மீட்டர் ஆழமும் உடைய கடையின் பரப்பு 111.63 சதுர மீட்டர். ஆனால் மதிப்புக் கணக்கில் அது முன்பகுதியின் 65.12 சதுர மீட்டருக்கே நிகராகும்.

நிற்க. வரையறை தெளிந்தபின் அளத்தலிலும் கவனம் வேண்டும். ஓர் அறையின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாயிருத்தல் கொண்டே அது செவ்வகம் எனத் துணிதல் ஆகாது. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமோ என அளந்து காண வேண்டும். கோணலான அறையை முக்கோணங்களாகப் பகுத்துக் கூட்டுதல் நன்று. இந்நாளில் லேசர் ஒளியால் அளக்கும் சிறு கருவி நொடிப்பொழுதில் தூரத்தைக் காட்டுகின்றது. எனினும் அதனைச் சாய்த்துப் பிடிப்பின் நீளம் மிகும். 10 மீட்டருக்கு 8 மீட்டரான அறையில் ஒவ்வொரு பக்கத்திலும் 2 சென்டிமீட்டர் மிகுத்து அளந்தால், பரப்பில் ஏறக்குறைய 0.36 சதுர மீட்டர் மிகும். அறைகள் பலவாயின் பிழையும் பலவாம்.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். தூய பரப்போடு பொதுவிடத்தின் பங்கையும் கூட்டி 'சூப்பர் பில்ட் அப் ஏரியா' எனக் கூறுவது கட்டிட வியாபாரத்தில் வழக்கம். எவ்வளவு கூட்டப்பட்டது என்பதை வாங்குவோர் எளிதில் அறியார். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்பதற்கு ஒரு வரையறை தந்தது. வெளிச்சுவர், குழாய் முதலியன செல்லும் வழி, தனி உப்பரிகை, திறந்த மாடி ஆகியன நீங்கலாகவும், உட்பிரிவுச் சுவர்கள் உட்படவும் உள்ள பயன்படு தளமே அஃது. வீடு மட்டுமன்று, கடை, அலுவலகம், கிடங்கு ஆகியனவும் அச்சட்டத்தில் அடங்கும். பதிவு செய்யும் திட்டங்களில் விற்பனைக்குரிய பகுதிகளின் இப்பரப்பைக் கட்டுவோர் வெளிப்படுத்தல் கடமையாயிற்று. ஆயின் அச்சட்டம் பெரிதும் விற்பனையைக் கருதி எழுந்தது. வாடகைக்குக் கொள்வோர்க்கு உடன்படிக்கையில் எழுதிய சொற்களே துணை.

தேசந்தோறும் முறை வேறுபடுதலின், பல நாட்டுச் சங்கங்கள் கூடி 2014-ஆம் ஆண்டில் அலுவலகங்களுக்கென ஒரு சர்வதேச அளவை முறையை வெளியிட்டன. அதிலும் புறம், அகம், ஒருவர்க்கே உரிய இடம் என மூவகை உண்டு. ஆனால், பயன்பரப்பில் விலக்கப்பட்ட தூண் இம்மூன்றாம் வகையிற் சேர்க்கப்படுகின்றது. வல்லார் பலர் கூடி ஆய்ந்தும் ஒரு தூணின் நிலை மாறியதெனின், பெயர் கூறாது எண் மட்டும் கூறுதல் எத்துணைப் பயனற்றது!

ஆதலின், 'எத்தனை சதுர அடி?' என்று வினவுவதற்கு முன், 'எந்தப் பரப்பு?' என்று வினவுதல் அறிவுடைமை. இதனை வாசிக்கும் மாணவ நண்பர், தாம் நாள்தோறும் அமரும் வகுப்பறையை ஒருமுறை சுவரின் புறத்தும் அகத்தும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பாராக. ஒரு சுவரின் கனம் எவ்வளவு பெரிது என்பது அப்பொழுது விளங்கும்.