ஜாயின்ட் சூடாகாமல் இருக்க எந்த கனெக்டர்?

எம்.சி.பி. போட்ட வீட்டிலும் ஜங்ஷன் பாக்ஸ் கருகிப்போவது உண்டு. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அந்த லைனில், வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று தளர்ந்து, அங்கே 0.1 ஓம் மின்தடை உண்டானால் போதும். அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் அளவு மீறினால்தான் எம்.சி.பி. ட்ரிப் ஆகும். இங்கே ஓடுவதோ வழக்கமான 9 ஆம்பியர். எனவே அது பேசாமல் இருக்கும். சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், மின்தடை ஏறும், சூடு இன்னும் கூடும்.

டேப் காப்பு தரும், அழுத்தம் தராது. சுத்தமான உலோகத்தை உலோகத்தோடு அழுத்தி, அந்த அழுத்தத்தை வருஷக்கணக்கில் தளரவிடாமல் வைத்திருப்பதே கனெக்டரின் வேலை. எதை வாங்கினாலும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஸ்க்ரூ வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர். ஒற்றைக் கம்பி வயருக்கு அது பொருந்தும். இன்று வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் பல இழை வயர். ஸ்க்ரூவின் நுனி அந்த இழைகளை விலக்கிவிடும், சிலவற்றை அறுத்தும் விடும். அதனால் நுனியில் ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழலை மாட்டி, கிரிம்பிங் டூலால் அழுத்திய பிறகே நுழைக்க வேண்டும். நுனிக்கு ஈயம் பூசினால் பலம் என்று பலர் நம்புகிறார்கள். ஈயம் மென்மையானது, ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், பிடி தளரும்.

லீவர் கனெக்டரில் ஸ்க்ரூவுக்குப் பதில் ஸ்பிரிங் அழுத்துகிறது. சூட்டில் செம்பு விரிந்து சுருங்கினாலும் ஸ்பிரிங் கூடவே நகர்ந்து பிடியை விடாது. ஜெர்மனியின் வாகோ நிறுவனத்து 221 வகையில் 4 ஸ்கொயர் எம்.எம். வரை ஏற்கும் கனெக்டருக்கு வயர் நுனியை 11 மி.மீ. நீளம் தோலுரிக்க வேண்டும். உடல் கண்ணாடி போல இருப்பதால் வயர் முழுதாக உள்ளே போனதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஓடும் லைனை வெட்டாமல் கிளை எடுப்பது வேறு வேலை. தெருவில் செல்லும் ஏ.பி. (ஏரியல் பஞ்ச்டு) கேபிளில் இதற்கு ஐ.பி.சி. கனெக்டர் உண்டு. அதன் பற்கள் காப்பைத் துளைத்து உலோகத்தைக் கவ்வும். போல்ட்டை முறுக்க முறுக்க, சரியான இறுக்கம் வந்ததும் அதன் மேல்தலை தானே ஒடிந்து விழும். இறுக்கத்தைக் கைப்பழக்கத்துக்கு விடாத அருமையான ஏற்பாடு இது. வாகனங்களில் பயன்படும் சின்ன டேப்பிங் கிளிப்பும் காப்பை வெட்டித்தான் பிடிக்கிறது. ஆனால் அளவு மாறினால் இழைகள் அறும், ஈரம் புகுந்தால் பச்சை பிடிக்கும். அதிர்வும் ஈரமும் உள்ள இடத்துக்குக் கிரிம்ப் ஸ்லீவும் ஹீட் ஷ்ரிங்க் குழாயுமே நல்லது.

அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கவே கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அதற்கென்றே பை-மெட்டல் கனெக்டர்கள் இருக்கின்றன.

ஆகவே கடைக்குப் போகுமுன் நான்கு விவரம் கையில் இருக்கட்டும்: என்ன உலோகம், எத்தனை ஸ்கொயர் எம்.எம்., எத்தனை ஆம்பியர், எந்த இடம். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே வயரைத் தொட வேண்டும். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு வயரையும் தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும். ஜாயின்ட்டைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடாமல், மூடியைத் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸில்தான் வைக்க வேண்டும்.