பாலை நகரில் எழுந்த புழுதிச் சுவர்

பாலைவனம் என்றதும் ஆளரவமற்ற மணல்வெளியே பலரது மனக்கண்முன் தோன்றும். ஆயினும் பாலையின் நடுவே பெருநகரங்களும் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகராகிய பீனிக்ஸ் அவற்றுள் ஒன்று. ஹொஹோகம் எனப்படும் பழங்குடியினர் முன்னாளில் வெட்டிய நீர்க்கால்வாய்களின் தடங்கள் மீதே, 19ஆம் நூற்றாண்டில் இந்நகர் எழுந்தது. ஆதலின், சாம்பரிலிருந்து உயிர்த்தெழும் புராணப் பறவையின் பெயர் அதற்கு இடப்பட்டது. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் தொகை 14 இலட்சத்துக்கு மேல். ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழையோ சராசரியாக 7 அல்லது 8 அங்குலமே.

யூலை மாதத்தில் அந்நகரின் பகல் வெப்பம் 100 பாகை பரனைற்றை எளிதில் தாண்டிவிடும். எனவே வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் அடங்கியிருக்கும் மக்கள் பொழுது சாய்ந்த பின்னரே வெளியே புறப்படுவர். உணவுச்சாலைகளும் கடைத்தெருக்களும் பூங்காக்களும் அந்நேரத்திலேதான் களைகட்டும். கோடைக்காலத்தில் பீனிக்ஸ் நகரின் உண்மையான வாழ்வு மாலையில் தொடங்குகிறது எனலாம்.

2011 யூலை 5ஆந் திகதி மாலையும் அவ்வாறே தொடங்கிற்று. முந்திய நாள்தான் அந்நாட்டின் சுதந்திர தினம். கதிரவன் மறையும் வேளையில், தென்கிழக்குத் திசையில் பழுப்பு நிறமான மலைத்தொடர் ஒன்று புதிதாக முளைத்தது போன்ற தோற்றம் தென்பட்டது. அம்மலை நகர்ந்து வந்தது. ஏறக்குறைய 100 மைல் அகலமும் 5,000 முதல் 6,000 அடி வரை உயரமுங் கொண்ட புழுதிச் சுவர் அது. மணிக்கு 50 மைலுக்கு மேற்பட்ட வேகமுடைய காற்று அதனை உந்தி வந்தது. சிறிது நேரத்தில் உயர்ந்த கட்டிடங்கள் ஒவ்வொன்றாக அதனுள் மறைந்தன. தெருவிளக்குகள் மங்கின, எதிரே நிற்பவரும் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஸ்கை ஹாபர் விமான நிலையத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் விமானங்கள் எழவும் இறங்கவும் இயலாது நின்றன. ஆயிரக்கணக்கான வீடுகள் மின்சாரம் இழந்தன. உலாவச் சென்றோர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கிடைத்த கூரையின் கீழ் ஒதுங்கினர்.

இத்தகைய புழுதிச் சுவர் எவ்வாறு உண்டாகிறது? வியப்பு யாதெனில், அதனை எழுப்புவது மழையே. கோடையின் பிற்பகுதியில் மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து ஈரலிப்பு நிறைந்த காற்று அரிசோனாவினுள் புகுகின்றது. சூடேறிய நிலத்தின் மேல் அக்காற்று உயர்ந்து இடிமுகில்களாகத் திரள்கின்றது. முகிலிலிருந்து விழும் மழைத்துளிகளோ கீழேயுள்ள வறண்ட வளியில் பாதிவழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. நீர் ஆவியாகும்போது சூழ உள்ள வெப்பத்தைக் கவரும். ஈரத்துணியை உடம்பிற் போர்த்தால் குளிர்வதும் இக்காரணத்தாலேயே. இவ்வாறு குளிர்ந்த வளி அடர்த்தி மிகுந்து, பாரந் தாங்காது நிலத்தை நோக்கி வீழ்கின்றது. குடத்து நீரைத் தரையிற் கொட்டினால் அது நாற்புறமும் பரந்தோடுவது போல, வீழ்ந்த வளியும் நிலத்தை வருடிக்கொண்டு விரைகின்றது. மழைக்குச் சற்று முன்னர் நம் மேனியைத் தழுவும் குளிர்காற்றும் இவ்வகையினதே.

அன்றைய இடிமுகில்கள் பீனிக்சுக்குத் தென்கிழக்கே ரூசன் நகர்ப் பக்கமாகத் திரண்டவை. இரு நகரங்களுக்கும் இடையே வறட்சியால் வெடித்த நிலங்களும், பயிரின்றித் தரிசாய்க் கிடந்த வயல்களும் இருந்தன. புல்லும் வேரும் பிணித்திராத மண்ணைக் காற்று வாரியெடுத்தது. குறைந்தது 150 மைல் தூரம் அப்புயல் பயணஞ் செய்ததென வானிலை அறிஞர் கணித்தனர். காற்றைத் தடுக்க மனிதரால் இயலாது. ஆயினும் நிலத்தை வெறுமையாக விடாது காப்பது அவர் கையில் உள்ளது.

இப்புயலுக்கு 'ஹபூப்' என்று பெயர். வீசுதல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. சூடான் நாட்டுத் தலைநகரான கார்ட்டூம் இத்தகைய புயல்களுக்குப் பேர்போனது. 1971 யூலை 16இல் பீனிக்ஸைத் தாக்கிய புயலை ஆராய்ந்தோர், கார்ட்டூமில் நிகழ்வதே அங்கும் நிகழ்கின்றதெனக் கண்டு, மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அப்பெயரையே வழங்கினர். 2011ஆம் ஆண்டிலோ, அந்நியச் சொல் எமக்கெதற்கு எனச் சிலர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். பெயர் எதுவாயினும் புழுதியின் இயல்பு ஒன்றே.

புழுதி படிந்த உடையைக் கழுவிவிடலாம். சுவாசத்தோடு உட்சென்ற புழுதியை அவ்வாறு கழுவ முடியாது. அரிசோனா மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தின் வித்துக்கள் நுரையீரலை அடைந்து, சிலருக்குக் காய்ச்சலையும் இருமலையும் விளைவிக்கின்றன. 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' என்பது அந்நோயின் வழக்குப் பெயர்.

எனினும் உடனடியான ஆபத்து நெடுஞ்சாலையிலேயே உள்ளது. 2013 அக்டோபரில் பிக்காச்சோ என்னும் இடத்தருகே புழுதியினுள் வண்டிகள் ஒன்றோடொன்று மோதியதில் மூவர் உயிரிழந்தனர். புழுதி சூழ்ந்ததும் சாரதி என்ன செய்தல் வேண்டும் என்பதை மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம் ஆண்டுதோறும் எடுத்துரைக்கின்றது: வண்டியைச் சாலையைவிட்டு நன்றாக விலக்கி நிறுத்துக, விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுக, தடுப்பிலிருந்து காலை எடுத்துவிடுக, இருக்கைப் பட்டியைக் கழற்றாது காத்திருக்க.

விளக்கை அணைப்பது முறைகேடாகத் தோன்றலாம். ஆனால் பின்னால் வருபவர், முன்னே தெரியும் செவ்விளக்கைச் சாலையில் ஓடும் வண்டியென்று எண்ணி, அதனையே வழிகாட்டியாகக் கொண்டு வந்து மோதிவிடுவர். கண் தெரியாத வேளையில் விளக்கும் பகையாகலாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் புழுதி அடங்கிவிடும். வீட்டிற் காத்திருப்போரிடம் சற்றுப் பிந்திச் சேர்வதால் கெடுவது யாதுமில்லை.