குதிரைமேல் ஆயரும் கொறங்காட்டு ஆநிரையும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் எனச் சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். அது போர்க்குதிரை. நம் ஆயர் ஆநிரை காத்ததோ கால்நடையாகவே. கோலும் குழலுமே அவர்தம் கருவிகள்.

மெக்சிகோவின் ஆயனையோ குதிரையினின்று பிரித்து எண்ண இயலாது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அங்கு மாட்டையும் குதிரையையும் கொண்டு சென்றனர். வேலியற்ற பெருவெளியில் மந்தைகள் காதக்கணக்கில் பரவித் திரிந்தமையால், தொடரக் குதிரையும் பிடிக்கச் சுருக்குக் கயிறும் தேவைப்பட்டன. அத்தொழிலாளனுக்கு 'வாக்கேரோ' என்று பெயர். 'வாக்கா' என்றால் பசு. ஆவிலிருந்து ஆயன் தோன்றியது போலத்தான். 19ஆம் நூற்றாண்டில் டெக்சாசில் குடியேறிய ஆங்கிலம் பேசும் மக்கள் இத்தொழிலை இவனிடமே கற்றனர். ராஞ்ச், ரோடியோ, லாசோ ஆகிய ஸ்பானியச் சொற்களே அதற்குச் சான்று. திரைப்படக் 'கௌபாய்' கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அவன் தொழிலையும் அவன் ஆசானையும் ஒருங்கே மறைத்துவிட்டார்கள்! 1874இல் கிளிடன் என்பார் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கம்பி பரவப் பரவ, திறந்தவெளி மேய்ச்சல் சுருங்கியது.

அங்கே வேலி பழைய முறையை முடித்தது; கொங்கு நாட்டிலோ வேலிதான் முறையின் உயிர்நாடி. கொல்லிமலைக்கு மேற்கே, காவிரிக்கு அப்பால், காங்கேயம் பகுதியிலுள்ள தனியார் மேய்ச்சல் நிலத்திற்குக் கொறங்காடு என்று பெயர். முள்கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டால், அவையே தழைத்து உயிர்வேலியாகும். உள்ளே வறட்சி தாங்கும் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மரம் நிழல் தரும். அதன் காய் கோடையில் தீவனமாகும். காட்டைப் பல பகுதிகளாகத் தடுத்து, ஒன்றில் மேய்ந்தபின் மற்றொன்றிற்கு மாற்றுவர். ஆகவே, மேய்ப்பவன் நாள் முழுதும் உடன் நிற்க வேண்டியதில்லை. விழும் சாணம் அந்நிலத்திற்கே எருவாகும். மழை குறைந்த நாட்டில் இதனினும் சிக்கனமான பண்ணையை நான் அறியேன்.

இங்கு வளர்வதே காங்கேயம் மாடு. கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் பெறும். ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் பெயர் பெற்ற இனம், பால் குறைவு. இடர் இதில்தான் தொடங்கியது. கவலையின் இடத்தை மின்சார இறைப்பியும், ஏரின் இடத்தை டிராக்டரும் பற்றின. எருதுக்கு விலை இல்லையேல், பால் குறைந்த பசுவை எவர் பேணுவர்? பசு நீங்கின், கொறங்காட்டை வீட்டுமனையாக விற்கத் தயங்குவதற்குக் காரணமும் நீங்கும். 2017இல் சல்லிக்கட்டுக்குச் சட்டம் இயற்றப்பட்டபோது நாட்டு மாட்டின் பெயர் ஊரெங்கும் ஒலித்தது; கிளுவை வேலியைப் பற்றிப் பேசினார் சிலரே. காளையை ஒரு நாள் வாடிவாசலில் காண்கிறோம். எஞ்சிய நாளெல்லாம் அதற்குப் புல் வேண்டுமல்லவா?