முழு வேகத்தில் பறக்கும், கரையோரம் அணையும்!

தூண்டில்காரர்களுக்குப் பேராக்கில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வடக்கே தெமெங்கோர் ஏரி, நடுவே 1930 முதல் மின்சாரம் தரும் செண்டரோ அணையின் நீர்த்தேக்கம், தெற்கே உடாங் காலா இறாலுக்குப் பேர்போன தெலுக் இந்தான். மூன்றையும் இணைத்து ஓடுவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள பேராக் ஆறு. தோட்டத்து ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகி, இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியிருப்பவர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்குவது பெரும்பாலும் பழைய 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் படகு எஞ்சின்தான்.

அந்த எஞ்சின்களைப் பற்றிய புகாரும் ஏறக்குறைய ஒன்றே. முறுக்கினால் பறக்கும், வேகத்தைக் குறைத்தால் திக்கித் திணறி அணைந்துவிடும்.

திருகைக் கூட்டினால் தீருமா?

உடனே கை போவது ஐடில் திருகுக்கு. அதைக் கூட்டி வைத்தால் எஞ்சின் அணையாதுதான். ஆனால் கியர் போடும்போதெல்லாம் ‘டக்’கென்று இடிக்கும். நாளடைவில் உள்ளே கியரைப் பிடிக்கும் பற்கள் மழுங்கி, ஓடும்போதே கியர் நழுவத் தொடங்கும். சின்னக் கோளாறை மறைக்கப் போய்ப் பெரிய செலவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வேகமாக ஓடும்போது மெயின் ஜெட் வழியே பெட்ரோல் தாராளமாகப் போகிறது. ஐடிலில் அந்த வழி வேலை செய்யாது. பைலட் ஜெட் என்ற மிக நுண்ணிய துளைதான் எஞ்சினுக்குச் சோறு போடுகிறது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு தங்கும். முதலில் அடைபடுவது இந்தத் துளையே.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

அதற்காக எடுத்த எடுப்பில் காபரேட்டரைக் கழற்ற வேண்டாம். தொட்டியில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும். பழைய பெட்ரோல் என்றால் வாடையே காட்டிக்கொடுக்கும். தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, எஞ்சின் திணறும் நேரத்தில் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அழுத்துங்கள். உடனே சீரானால் குழாய், இணைப்பு, பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் ஆகியவற்றில்தான் கோளாறு.

பிறகு பிளக். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் லீடைக் கழற்றி எர்த் செய்துவிட்டு மறுபடி கிளப்புங்கள். இன்னொரு பிளக்குக்கும் இப்படியே செய்யுங்கள். எந்த லீடைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. யமஹா 15 போன்றவற்றில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே காபரேட்டர். ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துவிட்டால் முதலில் பிளக்கையும் காயிலையும் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகே காபரேட்டர். பைலட் திருகை இறுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றழுத்தமும் போதும். கடைசியாக ஐடிலைச் சரிசெய்வது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், படகு தண்ணீரில் கட்டப்பட்டிருக்கும்போது. பீப்பாய்க்குள் ஓடவிட்டால் வெளியேறும் புகையையே எஞ்சின் திரும்ப இழுத்துத் திணறக்கூடும். தண்ணீரே இல்லாமல் ஓட்டினால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

எப்போது கைவிடுவது?

எல்லாம் செய்தும் திணறினால் கம்ப்ரஷன் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காபரேட்டருக்குச் செலவழிப்பது வீண். எவின்ரூட் எஞ்சின் தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டது. அவ்வகைப் பழைய எஞ்சின்களைப் பிரித்துக் கட்டும் முன் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிடுவது நல்லது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் எஞ்சினை முறுக்கிக் காட்டுவதில் மயங்கிவிடாதீர்கள். குளிர்ந்த எஞ்சினைத் தண்ணீரில் இறக்கிக் கிளப்பச் சொல்லுங்கள். கியரில் போட்டு, ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு!