பானை ஒன்று, பொருள் பல

குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து வீடு திரும்பிய இரண்டு வயதுப் பேரப்பிள்ளை, "பாட்டி... பாட்டி..." என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சிணுங்குகிறது. பாட்டிக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. "என் கண்ணு, பாட்டியத்தான் தேடுது!" என்று வாரியெடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அடுத்த நிமிடமே மடி நனைந்துவிடுகிறது. குழந்தை கேட்டது பாட்டியை அல்ல. சிறுநீர் கழிக்க உதவும் சின்னப் பிளாஸ்டிக் கலத்தை. நிலையத்தில் ஆசிரியை கற்றுக்கொடுத்த ஆங்கிலச் சொல் அது. 'பாட்' என்ற சொல்லின் செல்ல வடிவம்.

இரண்டு மூன்று மொழிகள் புழங்கும் நம் வீடுகளில் இத்தகைய குழப்பங்கள் சிரிப்போடு முடிந்துவிடும். ஆனால் அதே 'பாட்', பிள்ளை வளர்ந்து உயர்நிலைப்பள்ளிக்குப் போகும் வயதில் வேறொரு பொருளோடு வீட்டுக்குள் நுழையக்கூடும். அதைப் புரிந்துகொள்ளத் தவறினால் சிரித்துவிட்டுப் போக முடியாது.

எதற்கான கலம்?

ஆங்கிலத்தில் 'பாட்' என்னும் சொல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வழங்கி வருகிறது. மண்ணாலோ உலோகத்தாலோ செய்த, சற்று ஆழமான, பெரும்பாலும் உருண்டையான கலம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். சோறு சமைப்பதும் பாட். தேநீர் ஊற்றுவதும் பாட். செடி வளர்ப்பதும் பாட்.

தமிழ் அப்படியன்று. தண்ணீர் எடுக்கக் குடம், சோறு வடிக்கப் பானை, குழம்பு வைக்கச் சட்டி, ஊறுகாய்க்கு ஜாடி, செடிக்குத் தொட்டி, பண்டை நாளில் இறந்தோரை இட்டுப் புதைக்கத் தாழி என்று பயனுக்கேற்பப் பெயர் மாறும். ஆகவே 'பாட்' என்பதைத் தமிழாக்க முனைபவர், "எதற்கான கலம்?" என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் பக்தர்கள் சுமப்பதை ஆங்கில நாளேடுகள் 'மில்க் பாட்' என்று எழுதுகின்றன. அது பால்குடம், யாரும் பால்பானை என்பதில்லை. அதே தை மாதம் முதல் நாளில் வாசலில் பொங்குவதோ பொங்கல் பானை. அதைப் பொங்கல் குடம் என்றால் சிறு பிள்ளையும் சிரிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் 'பாட்' தான்.

டெங்கிக் காய்ச்சல் பற்றிய அறிவுரையை எடுத்துக்கொள்வோம். 'பாட்' அடியிலுள்ள தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னால், அது பூந்தொட்டியைக் குறிக்கும். அதைப் 'பானைத் தட்டு' என்று மொழிபெயர்த்தால், படிக்கும் இல்லத்தரசி சமையலறையைச் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பார். ஏடிஸ் கொசுவோ தாழ்வாரத்துப் பூந்தொட்டியின் அடியில் முட்டையிட்டுக் கொண்டிருக்கும்.

அடுப்படியில் பிறந்தவை

விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவதை நம் ஊர்களில் 'பாட்லக்' என்கிறோம். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதன் பொருள் வேறு. சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளிக்கு அன்றைக்குப் பானையில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்; அது அவருடைய அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டமே 'லக்'. கூடிச் சமைத்துண்ணும் பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

விளையாட்டுக்காக அல்லாமல், பானைக்கு இறைச்சி வேண்டுமென்று எளிய இலக்கைச் சுடுவது 'பாட்ஷாட்'. இன்று அரசியல் மேடையில் ஒருவர் மற்றவரைப் போகிறபோக்கில் தாக்கிப் பேசுவதற்கும் அதே பெயர். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்பதற்காக அவசரமாக எழுதித் தள்ளும் கதை 'பாட்பாய்லர்'. கெண்டியைப் பார்த்துக் 'கறுப்பு' என்று பழித்த பானையின் கதையும் ஆங்கிலத்தில் உண்டு. விறகடுப்பில் இரண்டுக்குமே கரி பிடிக்கும். நம் முன்னோர் இதை 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்றனர். அங்கே கரி, இங்கே உலோகம், குணம் ஒன்றுதான்.

தொந்தி விழுந்தவரை ஆங்கிலேயர் 'பாட் பெல்லி' என்பர். நாம் பானை வயிறு என்போம். இந்த ஓரிடத்தில் இரு மொழிகளும் ஒரே கலத்தைப் பார்த்திருக்கின்றன.

சூதாட்ட மேசையும் பொற்கொல்லர் பட்டறையும்

போக்கர் சீட்டாட்டத்தில் ஆட்டக்காரர்கள் நடுவில் குவிக்கும் பந்தயப் பணத்திற்கும் 'பாட்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவிய ஒரு வகை ஆட்டத்தில், கையில் குறைந்தது இரண்டு 'ஜாக்' சீட்டுகள் இருப்பவரே பந்தயத்தைத் தொடங்கலாம். ஒருவரிடமும் இல்லையென்றால் மறுபடி சீட்டுப் போட்டு மேலும் பணம் வைக்க வேண்டும். இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் தொகைதான் 'ஜாக்பாட்'. டோட்டோ முதல் பரிசு வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. யாருக்கும் விழாததால்தான் அந்தப் பானை நிறைகிறது என்பதைச் சீட்டு வாங்குவோர் நினைவில் வைப்பது நல்லது.

பல இனம் வாழும் நாடு என்றதும் 'மெல்டிங் பாட்' என்ற தொடர் வந்துவிடும். இஸ்ரேல் சாங்வில் என்னும் பிரிட்டிஷ் யூத எழுத்தாளரின் நாடகம் 1908இல் அமெரிக்காவில் அரங்கேறியபோது இத்தொடர் பெரும்புகழ் பெற்றது. பல நாடுகளிலிருந்து நியூயார்க்கில் வந்திறங்கியவர்கள் ஒரே அமெரிக்கராக மாறுவதை அது குறித்தது. இதை 'உருகும் பானை' என்று தமிழில் எழுதுவோர் உண்டு. பானை உருகுவதில்லை. இது பொற்கொல்லர் பொன்னுருக்கும் மூசை. மூசையில் இட்ட வளையலும் மோதிரமும் தத்தம் வடிவத்தை இழந்து ஒரே குழம்பாகிவிடும்.

மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ இந்த உவமை பொருந்துமா? நம் ஊர் ரோஜாக்கைப் பாருங்கள். வெள்ளரியும் அன்னாசியும் ஒரே குழம்பில் புரண்டாலும் வெள்ளரி வெள்ளரியாகவே கடிபடுகிறது. தமிழ் நாளேட்டை இன்றும் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்களுக்கு எந்த உவமை வேண்டுமென்று சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய 'பாட்'

1930களிலிருந்து அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'பாட்' என்பது கஞ்சாவையும் குறிக்கிறது. 'கிராஸ்' என்ற புல்லும், 'வீட்' என்ற களையும் அதற்கு வழங்கும் மற்றப் பெயர்கள். பூந்தொட்டி, புல், களை என்று தோட்ட வேலை பேசுவதைப் போல மகன் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் காய்கறி நறுக்கும் தாய்க்கு எந்தச் சந்தேகமும் எழாது.

சட்டம் மட்டும் அவ்வளவு சாந்தமானதல்ல. சிங்கப்பூரில் கஞ்சாவை வைத்திருந்தாலோ உட்கொண்டாலோ 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் குற்றமே. மலேசியாவில் 200 கிராம் வைத்திருப்பவர் கடத்தல்காரராக அனுமானிக்கப்படுவார். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனையா, நீண்டகாலச் சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்வார். தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்து, 2025இல் மருத்துவச் சீட்டுக்குள் மீண்டும் அடக்கியது. ஹாட் யாய் கடைத்தெருவில் பார்த்ததை வைத்து இளையர்கள் நம் நாட்டுச் சட்டத்தை எடைபோடக் கூடாது.

எது எந்தப் 'பாட்' என்று அறிய எளிய குறிப்பு ஒன்று உண்டு. பாத்திரமாக இருந்தால் ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் 'ஏ' அல்லது 'தி' வரும். பலவாக இருந்தால் கடைசியில் 'ஸ்' சேரும். எண்ண முடியாத பொருளாக, முன்னும் பின்னும் எதுவுமின்றித் தனியே நின்றால், அதுவும் வாங்குவது, இழுப்பது என்ற வினைகளோடு வந்தால், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

காதில் விழுந்ததும் கையை ஓங்கத் தேவையில்லை. பள்ளியில் படித்த செய்தியையோ பார்த்த படத்தையோ பற்றிப் பிள்ளை பேசியிருக்கலாம். "அந்தச் சொல்லுக்கு என்னப்பா அர்த்தம்? எனக்கும் சொல்லேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தெரியாததைப் பிள்ளையிடம் கேட்பதில் பெற்றோருக்குக் குறைவொன்றும் இல்லை. அம்மாவுக்கு இந்தச் சொல் தெரியும் என்பது பிள்ளைக்கும் அப்போதே தெரிந்துவிடும்.